சித்தியின் பத்தொன்பது விநாடி

பயப்படுவதற்கென்றே சிலர் பிறந்து வருகிறார்கள். அவளும் அந்த ரகம். வகுப்பில் யாருடைய செல்போன் அடித்தாலும் முதலில் தன் பையைத் தடவிப் பார்ப்பாள். பஸ்ஸில் பரிசோதகர் ஏறினால், கையில் டிக்கெட்டை வைத்துக்கொண்டே வேர்த்துப்போவாள். உலகத்தில் அவளுக்கு ஆகவே ஆகாத சொல் ஒன்று உண்டு, அது "ஏன்". ஏன் லேட், ஏன் இந்த விடை, ஏன் இப்படி எழுதினாய். இப்படிப்பட்ட பெண்ணை மேனேஜ்மென்ட் படிக்க அனுப்பிய புண்ணியவான் யார் என்று கேட்காதீர்கள். மார்க் இருந்தது, இடம் கிடைத்தது, சேர்ந்துவிட்டாள். இப்போது பி.பி.ஏ. மூன்றாம் வருஷம். கல்லூரிக்குப் பக்கம் என்பதால் சித்தி வீட்டில் தங்கிப் படித்தாள். வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான்.

சித்தி சோப்புத் தொழிற்சாலையில் பாக்கிங் பிரிவில் இருந்தாள். அந்தப் புதன்கிழமை சாயந்திரம் வேலை முடிந்து வந்தவள், செருப்பைக் கழற்றியதும் கைப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

"இத கொஞ்சம் திறந்து குடு பாப்பா."

மூடி ஒரு திருகலில் திறந்துகொண்டது. இவ்வளவு லேசான மூடியை எதற்கு என்னிடம் கொடுத்தாள் என்று நினைத்தபடி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தாள். சித்தி அதை இரண்டு கையாலும் வாங்கி, குழந்தை பிடிப்பதைப்போலப் பிடித்துக் குடித்தாள். வலது மணிக்கட்டு பன் மாதிரி வீங்கியிருந்தது.

"கையில என்ன சித்தி?"

"ஒண்ணுமில்ல. சுளுக்கு."

"எத்தன நாளா?"

"அந்த போர்டு மாட்டினதுலேருந்து."

என்ன போர்டு என்று கேட்டதற்கு சித்தி பிடி கொடுக்காமல் மழுப்பினாள். துணி மடித்தாள், ஜன்னலைச் சாத்தினாள், பக்கத்து வீட்டுக்காரியின் மருமகனைப் பற்றிப் பேசினாள். விடாமல் கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தாள். பாக்கிங் மேஜைக்கு மேலே ஒரு போர்டு மாட்டியிருக்கிறார்கள். ஒரு ஆள் ஒரு ஷிப்டில் இத்தனை பெட்டி கட்ட வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. நாலு வாரம் தொடர்ந்து அதற்குக் கீழே இருப்பவர்களை வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள். நாலாவது வாரம் இதுதான். திங்கட்கிழமை சாயந்திரம் லிஸ்டில் கையெழுத்துப் போடுகிறார்கள்.

"எத்தன பெட்டி?"

"ஆயிரத்து இருநூத்தி எண்பத்தஞ்சு."

அது அவளுடைய எண். அவள் பெற்றெடுத்த எண். பைண்டு செய்து, மேலே பொன் எழுத்தில் கல்லூரிப் பெயர் அச்சடித்த அவளுடைய ப்ராஜெக்டில், நாற்பத்தேழாம் பக்கத்தில், தடித்த எழுத்தில் இருந்தது அது.

"சித்தி, அது என் ரிப்போர்ட்டு."

"தெரியுமே. அதனாலதான் உன்கிட்ட சொல்லல." சித்தி சிரிக்கப் பார்த்தாள். "உன் மேல ஒரு தப்பும் இல்ல பாப்பா. நீ அளந்தப்போ நான் பத்தொன்பது செகண்ட்ல கட்டினேனா இல்லையா? கட்டினேன். இப்ப முடியல. அஞ்சு மாசத்துக்குள்ள வயசாயிடுச்சு, வேற என்ன."

சித்திக்கு வயசாகவில்லை. என்ன ஆயிற்று என்பது அவளுக்குத் தெரியும். அதுதான் பயமே.

ஐந்து மாதத்துக்கு முன்னால் நடந்தது இது. வேலையை அளப்பது என்று ஒரு பாடம் உண்டு. தொழிலாளி ஒரு வேலையைச் செய்யும்போது ஸ்டாப்வாட்சுடன் பக்கத்தில் நின்று, எத்தனை விநாடி ஆகிறது என்று முப்பது தடவை குறித்து, சராசரி எடுக்க வேண்டும். அவ்வளவுதான் என்றால் குழந்தைகூடச் செய்யும். அதற்கு மேல் ஒரு கட்டம் இருக்கிறது, ரேட்டிங் என்று பெயர். பார்க்கிற ஆள் எப்படி வேலை செய்கிறார் என்று அளப்பவர் தன் புத்தியால் மதிப்பிட வேண்டும். எப்போதும்போலச் செய்தால் நூறு. வழக்கத்தைவிட வேகமாகச் செய்தால் நூற்றிருபது, நூற்று நாற்பது. அந்த அளவுக்கு நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். இதைக் கடிகாரம் சொல்லாது, மனுஷன்தான் சொல்ல வேண்டும்.

சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கித் தந்தவள் சித்திதான். அன்று காலை மேஜையைச் சுற்றியிருந்த பெண்களிடம் அவள் சொன்னது இன்னும் காதில் இருந்தது: "நம்ம பாப்பாவோட பரீட்சைடி இது. யாரும் மானத்த வாங்கிடாதீங்க."

வாங்கவில்லை. அட்டையை விரித்து, அடியை மடித்து, பன்னிரண்டு சோப்பை அடுக்கி, மேலே மடித்து, டேப் ஒட்டி, ஓடும் பெல்ட்டில் தள்ளினார்கள். கைகள் பறந்தன. ஒருத்தி எழுந்து தண்ணீர் குடிக்கவில்லை, ஒருத்தி முதுகை நிமிர்த்தவில்லை. ஒன்றரை மணி நேரம் யாரும் பேசவே இல்லை. நாள் முழுக்க ஊர்க்கதை பேசியே பெட்டி கட்டுகிறவர்கள் என்று சித்தி வாயாலேயே கேட்டிருக்கிறாள். இது வழக்கமான வேகம் இல்லை என்று அவளுக்கு அப்போதே பட்டது. பட்டதைப் பட்டபடி எழுதியிருந்தால் கதையே இல்லை. பேனா ரேட்டிங் கட்டத்துக்கு வந்தது. நூற்று முப்பது என்று எழுதினால் ப்ராஜெக்டை மேற்பார்க்கும் கைடு மேடம் "ஏன்?" என்று கேட்பார். நூறு என்று எழுதினால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

நூறு என்று எழுதினாள்.

பத்தொன்பது விநாடி, அதோடு களைப்புக்கும் கழிவறைக்கும் புத்தகம் சொன்ன பத்து சதவீதம், ஆக இருபத்தொன்று. ஷிப்டைப் போட்டு வகுத்தால் ஆயிரத்து இருநூற்று எண்பத்தைந்து. அந்தப் பெண்கள் சாதாரணமாகக் கட்டியது தொள்ளாயிரத்து ஐம்பதோ அறுபதோ. போன மாதம் தொழிற்சாலைக்குப் புது மேனேஜர் வந்தார். வந்த ஆளுக்கு ஏதாவது செய்து காட்ட வேண்டும். அவள் கம்பெனிக்குக் கொடுத்திருந்த, பொன் எழுத்துப் போட்ட ரிப்போர்ட் கையில் கிடைத்தது. அதிலிருந்த எண்ணைத் தூக்கி போர்டில் மாட்டிவிட்டார்.

அன்று சாப்பாடு இறங்கவில்லை. அவள் எழுதிய மூன்று இலக்கம் சித்தியின் கையை ஒடித்துக்கொண்டிருக்கிறது, சித்தியோ உனக்கு இன்னும் கொஞ்சம் போடவா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வியாழக்கிழமை கைடு மேடத்தைப் பார்க்கப் போனாள். மேடத்தின் மேஜையில் கையெழுத்துக்காக இருபத்தெட்டு ப்ராஜெக்ட் அடுக்கியிருந்தது.

"மேடம், நாற்பத்தேழாம் பக்கத்துல ஒரு சின்ன சந்தேகம்..."

"இப்ப என்ன சந்தேகம்? நாளைக்கு வைவா. உன்னோடதுதான் இருக்கறதுலயே சுத்தமா இருக்கு." மேடம் நிமிராமலே பேசினார். "உனக்கு யோகம்தான் போ. எக்ஸ்டர்னல் எக்ஸாமினரா யார் வர்றாங்க தெரியுமா? அந்த சோப்புக் கம்பெனி மேனேஜரேதான். ட்ரெய்னியா உன்னை எடுத்துக்கலாம்னு வேற சொல்லியிருக்கார். நாளைக்கு வாயை வச்சுக்கிட்டு சும்மா இரு, எல்லாம் நல்லபடியா முடியும்."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. இருபது வருஷப் பழக்கம். வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தாள். சொன்னால் ப்ராஜெக்ட் போகும், பட்டம் தள்ளிப் போகும், வேலை போகும். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை சித்தி போவாள். கணக்கு அவ்வளவு சுலபம். ஆனாலும் அவள் மனசு அந்த மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு வேறு விடை வருமா என்று திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தது. அதை நான் குற்றம் சொல்லமாட்டேன். பயந்தவர்களுக்குத்தான் பயத்தின் எடை தெரியும்.

வெள்ளிக்கிழமை, வைவா என்கிற வாய்மொழித் தேர்வு. நீள மேஜைக்கு அந்தப் பக்கம் கைடு மேடமும் மேனேஜரும். மேனேஜர் நாற்பது வயதுக்காரர். அடாவடி ஆள் மாதிரி இல்லை, சரியாகத் தூங்காத ஆள் மாதிரி இருந்தார். பக்கத்தைப் புரட்டினார். "நல்ல வேலை," என்றார். "நீட்டா இருக்கு," என்றார். நாற்பத்தைந்து, நாற்பத்தாறு, நாற்பத்தேழு. அந்தப் பக்கத்தில் அவர் விரல் நிற்கும் என்று காத்திருந்தாள். நிற்கவில்லை. அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. கேட்கவே இல்லை.

தப்பித்தேன் என்று ஒரு கணம் உடம்பெல்லாம் லேசானது. அந்த லேசுக்காகப் பிற்பாடு எத்தனையோ நாள் அவள் வெட்கப்பட்டாள்.

"வேற ஏதாவது சொல்லணுமா?" என்றார் மேனேஜர். எல்லா வைவாவிலும் கடைசியாகக் கேட்பது. "நன்றி சார்" என்று சொல்லிவிட்டு எழுந்துகொள்ள வேண்டும். முன்னால் போன பன்னிரண்டு பேரும் அதைத்தான் செய்தார்கள்.

"ரேட்டிங் தப்பு சார்," என்றாள்.

கைடு மேடம் பேனாவைக் கீழே வைத்தார். மேனேஜர் மறுபடி பக்கத்தைத் திருப்பினார்.

"நூறுன்னு போட்டது நீதானே?"

"ஆமா சார்."

"ஏன்?"

வந்துவிட்டது.

"வேற எதப் போட்டாலும் ஏன்னு கேப்பாங்கன்னு பயந்து போட்டேன் சார். அன்னிக்கு அவங்க யாரும் எப்பவும்போல வேலை செய்யல. என்னை பாஸ் பண்ண வைக்கறதுக்காக ஓடினாங்க. எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சும் நூறுன்னு எழுதினேன்."

மேனேஜர் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டார்.

"நாலு வாரமா டேப் பிரிஞ்சு பெட்டி திரும்பி வருது," என்றார், யாரிடமோ சொல்வதுபோல. பிறகு அவளிடம்: "நீ சொல்றத வச்சு நான் போர்ட கழட்ட முடியாதும்மா. எனக்கு மேல இருக்கறவங்களுக்கு நம்பர் வேணும். திங்கட்கிழமை காலைல பத்து மணிக்கு வா. திரும்ப அள. நான் பக்கத்துல நிப்பேன். நம்பர் மாறினா போர்டு மாறும். மாறலேன்னா சாயந்திரம் லிஸ்ட்ல கையெழுத்து."

"மார்க்கும் அதுக்கப்புறம்தான்," என்றார் கைடு மேடம். அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் சித்தியை விடவில்லை.

"திங்கட்கிழமை மெதுவா செய்ங்க சித்தி. நடிக்க வேண்டாம், எப்பவும் செய்யற மாதிரி. மத்தவங்ககிட்டயும் சொல்லுங்க."

"ஏன், அந்தப் பரீட்சை என்னாச்சு?"

"மார்க் இன்னும் போடல. திரும்ப அளக்கச் சொல்லியிருக்காங்க."

"ஓ," என்றாள் சித்தி. "பெயில்னு சொல்லாம சொல்றியா?"

"இல்ல சித்தி. மெதுவா செஞ்சா போதும்."

"சரி, சரி," என்று தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலை அவள் நம்பியிருக்கக்கூடாது.

திங்கட்கிழமை. பாக்கிங் கூடத்தில் சோப்பு வாசனை மூக்கை அடைத்தது. மேஜைக்கு மேலே அந்தப் பலகை, கறுப்பில் வெள்ளையாக அவள் எண். பச்சை ஏப்ரன் கட்டிய ஆறு பெண்கள். போன தடவை "வா வா, வாட்ச் பாப்பா" என்று கேலி செய்தவர்கள் இன்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்கள். மேனேஜர் அவளுக்குப் பின்னால் வந்து நின்றார், சூப்பர்வைசர் அவருக்குப் பின்னால். அவள் ஸ்டாப்வாட்சை எடுத்தாள்.

அழுத்தினாள்.

சித்தியின் கை பறந்தது.

அட்டை, மடிப்பு, பன்னிரண்டு சோப்பு, டேப், தள்ளு. பதினெட்டு விநாடி. அடுத்தது, மறுபடி பதினெட்டு. பக்கத்துப் பெண்ணும் அப்படியே, எதிரில் இருந்தவளும் அப்படியே. ஆறு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டார்கள். கண்ணைக் காட்டினாள், இருமினாள், சித்தி நிமிரவே இல்லை. மேனேஜர் முன்னால் பிள்ளையை எப்படி விட்டுக்கொடுப்பது? போன தடவை ஓடியது போதாமல்தான் பாப்பா பெயிலாகிவிட்டது என்று சித்தி தீர்மானித்துவிட்டாள். மற்ற ஐந்து பேரிடமும் சொல்லியும் வைத்திருக்கிறாள். இரண்டு நாள் அவள் சொன்னதெல்லாம் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டாயிற்று. பிள்ளைகள் சொல்கிறதைக் கேட்டு அதன்படி நடக்கிற சித்தியை நீங்கள் பார்த்திருந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

பத்து குறித்தாள், இருபது குறித்தாள். இருபத்திரண்டாவது பெட்டியில் சித்தியின் உதடு வெளுத்தது. டேப் ஒட்டும்போது வலது கையை உபயோகிக்காமல் முழங்கையால் அழுத்தினாள். இன்னும் எட்டுதான், நிறுத்துங்கள் என்று கத்த வேண்டும்போல இருந்தது. நிறுத்தினால் கணக்கு செல்லாது. முப்பதையும் குறித்து முடித்தாள்.

மேனேஜர் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "பதினெட்டு. முன்னைவிட ஒரு செகண்ட் கம்மி." அந்தக் குரலில் கோபம் இல்லை, அலுப்பு இருந்தது. "அவ்வளவுதாம்மா. நான் சொல்ல என்ன இருக்கு."

"இன்னும் ரேட்டிங் போடல சார்," என்றாள்.

பேனா அந்தக் கட்டத்துக்கு வந்தது. அதே கட்டம். நூற்று நாற்பது என்று எழுதினாள்.

"நூத்தி நாப்பதா? ஏன்?"

அவள் திரும்பினாள். பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். இருந்தது. ஆனால் இந்தத் தடவை அந்த "ஏன்" வேண்டும் என்று அவளே காத்திருந்தாள்.

"இவங்கள எனக்குத் தெரியும் சார். நான் இவங்க வீட்ல இருக்கேன். இந்தக் கையால என்ன முடியும், என்ன முடியாதுன்னு தினமும் பாக்கறேன்." மேஜை ஓரத்தில் இருந்த சித்தியின் தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். "இத திறக்கச் சொல்லுங்க சார்."

"பாப்பா," என்றாள் சித்தி மெதுவாக. அவள் முகம் சுண்டிப்போனது.

"திறங்க சித்தி."

கூட வேலை செய்கிற ஐந்து பேருக்கு முன்னால், மேனேஜருக்கு முன்னால், சோறு போட்ட சித்தியை இப்படி நிறுத்தி வைத்தோமே என்று அவளுக்கு உறுத்தியது. சித்தி பாட்டிலை வாங்கினாள். விட்டுக்கொடுத்துப் பழக்கமில்லாதவள். மூடியைப் பிடித்துத் திருகினாள். விரல்கள் மூடியின் மேல் வழுக்கிக்கொண்டு வந்தன. ஏப்ரன் நுனியைச் சுற்றிப் பிடித்துத் திருகினாள். கழுத்து நரம்பு புடைத்தது. வயிற்றோடு அணைத்துக்கொண்டு இடது கையால் முயன்றாள். அசையவில்லை. ஒரு திருகலில் திறக்கிற மூடி அது. எதிரில் இருந்த பெண் தன் இரண்டு கையையும் மெல்ல ஏப்ரனுக்குள் மறைத்துக்கொண்டாள். மேனேஜர் அதையும் பார்த்தார்.

அவர் பாட்டிலை வாங்கித் திறந்து சித்தியிடம் கொடுத்தார். பிறகு தாளை வாங்கிக் கணக்குப் போட்டார். பதினெட்டு, அதற்கு நூற்று நாற்பது, அதற்கு மேல் பத்து சதவீதம். ஷிப்டுக்குத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலு. இரண்டு முறை போட்டுப் பார்த்தார்.

"அந்த லிஸ்ட என் மேஜைலேருந்து எடுத்துக் கிழிச்சுப் போடுங்க," என்றார் சூப்பர்வைசரிடம். "போர்டயும் அழிங்க."

மேனேஜர் தன் அறைக்குப் போனார். சூப்பர்வைசர் நாற்காலி மேல் ஏறி ஈரத்துணியால் அவள் எண்ணைத் துடைத்தார். பெண்கள் ஒவ்வொருவராக முதுகை நிமிர்த்தினார்கள். சித்தி மட்டும் திறந்த பாட்டிலைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"கை வழுக்கிடுச்சு பாப்பா. இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தா திறந்திருப்பேன். அதனால உன் மார்க்க ஒண்ணும் குறைக்கமாட்டாங்களே?"